சம்பளப் பாக்கியும் ஓவர்டைம் பணமும்: ராமநாதபுரம் கடலோரத் தொழிலாளிக்கு ஒரு சட்ட வழிகாட்டி

ராமேஸ்வரத்துத் தங்கும் விடுதியில் அறை துடைப்பவர், மண்டபத்து நண்டுக் கம்பெனியில் சதை எடுக்கும் பெண், பாம்பனில் ஐஸ் கட்டி உடைப்பவர், தொண்டிப் பக்கத்து இறால் பண்ணையில் இரவுக் காவல் இருப்பவர், வாலிநோக்கத்து உப்பளத்தில் உப்பு வாருபவர், கீழக்கரை ஜவுளிக் கடையில் நாள் முழுதும் நிற்கும் இளைஞர் என்று இந்தக் கடற்கரையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பலருடைய கையில் வேலை நியமன உத்தரவு என்று ஒரு தாள்கூட இருப்பதில்லை. தெரிந்தவர் சொல்லி வாய்ப்பேச்சில் சேர்கிறார்கள். இரண்டு மாதம் சம்பளம் நின்றுபோனதும், "எழுத்தில் எதுவுமே இல்லையே, எந்தச் சட்டம் நமக்குத் துணை வரும்?" என்று தாங்களாகவே முடிவுகட்டி ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறானது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவருக்கும் உழைத்த கூலியைக் கேட்டு வாங்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. எந்த வரிசையில் நடந்தால் அந்த வழி பலன் தரும் என்பதை, இந்த விஷயத்துக்குப் புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எதை யார் நிரூபிக்க வேண்டும்

எல்லாவற்றுக்கும் முன்னால் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இன்னாரிடம், இன்ன காலத்தில், இன்ன சம்பளத்துக்கு நான் வேலை பார்த்தேன் என்று காட்டுவது தொழிலாளியின் பொறுப்பு. அது நிலைநின்றுவிட்டால், அந்த வேலைக்கான பணத்தைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பாகிவிடுகிறது. சம்பளம் பற்றிய இப்போதைய மத்தியச் சட்டமான ஊதியச் சட்டத் தொகுப்பின் 59ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. சம்பளம் தரவில்லை, குறைத்துத் தந்தார், அனுமதியில்லாமல் பிடித்தார் என்று கோரிக்கை எழுந்தால், உரிய தொகை கொடுக்கப்பட்டதை மெய்ப்பிக்கும் சுமை முதலாளி மீதே விழும்.

ஆகவே "கொடுக்கவில்லை என்பதற்கு என்னிடம் சான்று இல்லையே" என்று யாரும் கலங்க வேண்டியதில்லை. கொடுக்காததற்குச் சான்று யாரிடமும் இருக்காது. உங்கள் முழு முயற்சியும் வேலை பார்த்ததற்கான சான்றைத் திரட்டுவதில்தான் செல்ல வேண்டும், அதுவும் வேலையில் இருக்கும்போதே.

இப்போது எந்தச் சட்டம்

நீண்ட காலமாக 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமும் 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும்தான் இந்த வழக்குகளுக்கு அடிப்படையாக இருந்தன. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததும், அவ்விரண்டோடு போனஸ் சட்டமும் சம ஊதியச் சட்டமும் அதற்குள் அடங்கிவிட்டன. பழைய ஊதியம் வழங்கல் சட்டத்தில் மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் மனுச் செய்ய முடியாது என்ற வரம்பு இருந்தது. புதிய தொகுப்பில் அந்த வரம்பு இல்லை, மேற்பார்வையாளரும் மேலாளரும்கூட இதன்கீழ் சம்பளப் பாக்கி கேட்கலாம்.

எப்போது சம்பளம் கொடுத்திருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நாட்கூலி என்றால் அன்றைய வேலை முடியும்போதே, வாரக்கூலி என்றால் வார விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளில், மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். நீங்களாக நின்றுகொண்டாலும், முதலாளி நிறுத்தினாலும், நிறுவனமே மூடப்பட்டாலும், கணக்கை இரண்டு வேலை நாட்களுக்குள் முடித்துப் பணம் தர வேண்டும். "தடைக்காலம் முடியட்டும், படகு இறங்கியதும் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களையும் காட்டி ஐஸ் கம்பெனிகளிலும் மீன் கம்பெனிகளிலும் பாக்கியைத் தள்ளிப்போடுவது இங்கே வழக்கம். முதலாளிக்கு வரும்படி குறைவாக இருப்பது, ஏற்கெனவே உழைத்து முடித்த கூலியை நிறுத்திவைக்கச் சட்டத்தில் காரணமாகாது.

வேலை பார்த்ததற்கான சான்று

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆனால் அதை எழுதும் முறையில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. ஒவ்வொரு நாளும், அன்றைக்கே, தேதி, வேலைக்குள் நுழைந்த நேரம், சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் விட்ட நேரம், வேலை முடிந்த நேரம், அன்று கையில் வாங்கிய பேட்டா அல்லது முன்பணம் ஆகியவற்றை ஒரே வரியில் எழுத வேண்டும். "காலை 5.30 உள்ளே, 10 முதல் 10.30 டிபன், 3 முதல் 4 சாப்பாடு, படுக்கை, இரவு 9.15 வெளியே, ஆடி அமாவாசை, பேட்டா 100" என்று இருக்கும் ஒரு வரி, "தினமும் 15 மணி நேரம் வேலை வாங்கினார்கள்" என்று மனுவில் எழுதும் பத்து வரிகளைவிட வலுவானது. ஓய்வு நேரத்தை மறைக்காமல் எழுதுங்கள். தனக்குப் பாதகமானதையும் எழுதியிருக்கும் நோட்டைத்தான் விசாரிக்கும் அதிகாரி நம்புவார். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் முப்பது நாளையும் நிரப்பினால், புரட்டிப் பார்த்த மாத்திரத்தில் அது தெரிந்துவிடும்.

நோட்டுக்குத் துணையாகப் பல சான்றுகள் செல்போனிலேயே கிடக்கின்றன. "நாளைக்கு நாலு மணிக்கே வந்துரு" என்று மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, ஜி-பே வழியாக அவர் அனுப்பிய தொகை, கம்பெனிக் குழுவில் பகிர்ந்த ஷிப்ட் பட்டியல், சீருடையில் சக தொழிலாளிகளோடு எடுத்த படம் ஆகிய எல்லாமே சான்றுகள்தான். அவற்றை வேறொரு செல்போனுக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பி வையுங்கள். வேலையை விட்ட அன்றே குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். வங்கிக் கணக்கில் சம்பளம் வந்திருந்தால் கணக்கு விவரத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். (வருங்கால வைப்புநிதி) பிடித்தம் இருந்தால் மத்திய அரசின் உமங் (UMANG) செயலியில் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால், எந்த நிறுவனத்தின் பெயரில் எந்த மாதம் முதல் பணம் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியும். நீங்கள் யாரிடம் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு அதைவிட உறுதியான பதிவு கிடைப்பது அரிது. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால், அது தனிக் குற்றம். வருங்கால வைப்புநிதி அலுவலகத்தில் தனியாகப் புகார் செய்ய வேண்டும்.

முதலாளியின் சரியான பெயரும் முகவரியும் இல்லாமல் வந்து நிற்பவர்கள் நிறையப் பேர். "அண்ணாச்சி", "முதலாளி", "சார்" என்று மட்டும் தெரியும். கடைப் பலகையில் இருக்கும் பெயர் ஒன்று, உரிமத்தில் இருக்கும் பெயர் வேறொன்று. பில் புத்தகத்தின் தலைப்பு, சுவரில் மாட்டியிருக்கும் உரிமச் சான்றிதழ், ஜி.எஸ்.டி. எண் ஆகியவற்றை வேலையில் இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி மூலமாகச் சேர்ந்தவர்கள் மேஸ்திரியின் விவரத்தோடு, எந்த இடத்தில், எந்த நிறுவனத்துக்காக வேலை நடந்தது என்பதையும் குறித்துவைக்க வேண்டும். ஒப்பந்ததாரர் கைவிரித்தால் அந்த நிறுவனத்தின் உரிமையாளரே சம்பளத்துக்குப் பொறுப்பு என்று தொகுப்பின் 43ஆம் பிரிவு சொல்வதால், "மேஸ்திரி ஓடிட்டான், நாங்க என்ன பண்றது" என்ற பதில் செல்லாது.

எவ்வளவு வர வேண்டும் என்று கணக்கிடுதல்

தொகை குறிப்பிடாத மனு பாதி மனுதான். முதலில் உங்கள் வேலைக்குத் தமிழ்நாடு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் என்ன என்று பாருங்கள். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் நாளிலிருந்து அகவிலைப்படி மாறும் என்பதால், பாக்கி உள்ள ஆண்டுக்கான விகிதத்தைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்வதே நல்லது. நீங்கள் பேசிச் சேர்ந்த சம்பளம் அதைவிடக் குறைவாக இருந்தால், குறைந்தபட்ச ஊதியத்தை வைத்தே கணக்கிட வேண்டும். குறைந்த கூலிக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்தச் சம்மதம் செல்லாது. சட்டப்படியான ஊதியத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்பது 60ஆம் பிரிவு. கிலோ கணக்கில் நண்டுச் சதை எடுப்பவர்களுக்கும் பெட்டிக் கணக்கில் மீன் தரம் பிரிப்பவர்களுக்கும் இதில் ஒரு முக்கியமான பாதுகாப்பு இருக்கிறது. அந்த வேலைக்கு நேரக் கணக்கில் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்டிருந்தால், எண்ணிக்கைக் கணக்கில் எவ்வளவு வந்தாலும், வேலை பார்த்த நேரத்துக்கான அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே தரக் கூடாது.

அடுத்தது ஓவர்டைம். வழக்கமான வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது அடிப்படை. கடைகளுக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும், சாப்பாட்டுக் கடைகளுக்கு 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டமும் வேலை நேரத்தைத் தனியாகக் கட்டுப்படுத்துகின்றன. வழக்கமான நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால், சாதாரண விகிதத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். வார ஓய்வு நாளில் வேலை வாங்கினாலும் அதே இரட்டை விகிதம் பொருந்தும்.

ராமேஸ்வரத்தில் ஓர் உணவகத்தில் மாதம் 15,600 ரூபாய்க்கு வேலை பார்ப்பவரை எடுத்துக்கொள்வோம். வார விடுமுறை போக 26 நாள் என்று வகுத்தால் ஒரு நாளுக்கு 600 ரூபாய், 8 மணி என்று வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 75 ரூபாய் வரும். ஓவர்டைம் விகிதம் அதன் இரட்டிப்பு, அதாவது 150 ரூபாய். ஓய்வு நேரத்தைக் கழித்தபின் அவர் தினமும் 11 மணி நேரம் வேலை பார்த்தால், நாளுக்கு 3 மணி வீதம் 26 நாளில் 78 மணி நேரம் மிகையாக உழைத்திருக்கிறார். அதற்கு வர வேண்டியது 11,700 ரூபாய். சம்பளம் ஒழுங்காகத்தானே வருகிறது என்று இருந்துவிடும் அந்தத் தொழிலாளி, மாதந்தோறும் தன் சம்பளத்தில் முக்கால் பங்கை இழந்துகொண்டிருக்கிறார். இதை ஒரு தாளில் போட்டுக் காட்டும்போதுதான் பலருக்கும் தாங்கள் இழந்தது எவ்வளவு என்று உறைக்கிறது. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் யாத்திரைக் கூட்டம் வரும் நாட்களில் இரவு பகலாக நடக்கும் வேலையை இந்தக் கணக்கில் சேர்த்தால் தொகை இன்னும் ஏறும்.

சிலருக்கு சம்பளத்தை அடிப்படை, பயணப்படி, அந்தப்படி, இந்தப்படி என்று பிரித்து, அடிப்படையை மிகச் சிறிதாகக் காட்டி அதன் மேல் ஓவர்டைம் கணக்கிடுவார்கள். விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், பாதியைத் தாண்டும் பகுதி ஊதியமாகவே கருதப்படும் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய விடுமுறை நாட்களில் வேலை வாங்கியிருந்தால், அதற்கான இரட்டைச் சம்பளமோ, சம்பளத்துடன் மாற்று விடுப்போ தந்தார்களா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிடித்தமும் முன்பணமும்

உடைந்த கண்ணாடிக்கு, காணாமல்போன துண்டுக்கு, தாமதமாக வந்ததற்கு என்று சம்பளத்தில் பிடிப்பதற்கு வரம்பு இருக்கிறது. அபராதம் என்றால், உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே விதிக்க வேண்டும். அது அந்தச் சம்பளக் காலத்தின் ஊதியத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பொருள் சேதத்துக்குப் பிடிப்பதென்றால், அந்தப் பொருள் உங்கள் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டு, உங்கள் கவனக்குறைவால் சேதமாகியிருக்க வேண்டும். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

முன்பணம் வாங்கியவர்கள் ஒன்றைப் பிரித்து அறிய வேண்டும். வாங்கிய முன்பணத்தைச் சம்பளத்தில் சிறிது சிறிதாகக் கழிப்பது முறையானது. "முன்பணம் தீரும்வரை இந்த இடத்தைவிட்டுப் போகக் கூடாது, வேறெங்கும் வேலைக்குப் போகக் கூடாது" என்று தடுத்து, பெயருக்கு ஏதோ கொடுத்து வேலை வாங்குவது கொத்தடிமை முறை. அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றம். அந்தக் கடனே ரத்தாகிவிடும். வெளிமாநிலத்திலிருந்தும் உள் மாவட்டங்களிலிருந்தும் குடும்பத்தோடு வந்து ஒதுக்குப்புறமான பண்ணைகளில் தங்கியிருப்பவர்களுக்கு இந்த நிலை ஏற்பட்டால், சம்பள மனுவோடு நிறுத்திக்கொள்ளாமல் கோட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். அங்கே முதல் வேலை அவர்களை வெளியே கொண்டுவருவது.

முதலில் ஒரு கடிதம்

கணக்கு தயாரானதும் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சண்டைக் கடிதம் வேண்டாம். வேலையில் சேர்ந்த நாள், செய்த வேலை, பேசிய சம்பளம், பாக்கி உள்ள மாதங்கள், ஓவர்டைம் மணி நேரம், மொத்தத் தொகை, பத்து நாட்களுக்குள் தர வேண்டும் என்ற கோரிக்கை ஆகியவை ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். பழைய பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், பதிவு வசதியுடன் கூடிய ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் ஒப்படைத்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். அதே கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். "அடுத்த மாசம் தர்றேன்டா, கொஞ்சம் பொறு" என்று பதில் வந்தால், அந்த ஒரு வரியே பாக்கி இருப்பதை முதலாளி ஒப்புக்கொண்ட எழுத்துச் சான்றாகிவிடும்.

கடிதம் கிடைத்ததும் கூப்பிட்டு ஒரு தொகையை நீட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், தேவை இருக்கிறது, வாங்குவதில் தவறில்லை. ஆனால் "முழுக் கணக்கும் முடிந்தது, இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதிய வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். "பாக்கியில் ஒரு பகுதியாக இன்ன தொகை மட்டும் பெற்றுக்கொண்டேன்" என்று உங்கள் கையாலேயே எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். வெற்றுத்தாளில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போடக் கூடாது.

எந்த அலுவலகத்துக்குப் போவது

பணம் வராதபோது பலரும் முதலில் போவது காவல் நிலையத்துக்குத்தான். சம்பளப் பாக்கியை வசூலித்துத் தருவது காவல்துறையின் வேலையன்று. அங்கே நாள் கடத்துவதில் காலக்கெடுதான் வீணாகும். அடித்தது, மிரட்டியது, ஆதார் அட்டையையோ சான்றிதழையோ பிடுங்கி வைத்துக்கொண்டது, வெளியே விடாமல் பூட்டியது போன்றவை நடந்திருந்தால் அவற்றுக்குக் காவல் நிலையம் செல்ல வேண்டும், கட்டாயம் செல்ல வேண்டும்.

சம்பளத்துக்கு உரிய இடம் தமிழ்நாடு அரசின் தொழிலாளர் துறை. மாவட்டத் தலைநகரான ராமநாதபுரத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம் இருக்கிறது. அங்கே கொடுக்கும் மனுவின் பேரில் ஆய்வாளர் நிறுவனத்துக்குச் சென்று பதிவேடுகளைப் பார்க்கலாம், இரு தரப்பையும் அழைத்துப் பேசலாம்; சிறிய தொகைகள் பலவும் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். அந்த மனு எப்படியும் தொழிலாளர் துறைக்குத்தான் அனுப்பப்படும் என்றாலும், ஆட்சியர் அலுவலகத்தின் எண்ணோடு போவதால் கோப்பு நகர்கிறது என்பது என் கருத்து. மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் எந்த அலுவலகத்தைவிட்டும் வெளியே வராதீர்கள்.

ரயில்வே, வங்கி, தொலைத்தொடர்பு, உச்சிப்புளியில் உள்ள கடற்படை விமானத் தளம் போன்ற மத்திய அரசு சார்ந்த இடங்களில் ஒப்பந்ததாரரிடம் வேலை பார்ப்பவர்கள் மட்டும் மத்திய அரசின் தொழிலாளர் ஆணையர் அமைப்பிடம் போக வேண்டும். அதற்கென்றே சமாதான் என்ற இணையதளம் இருக்கிறது.

கோரிக்கை மனுவும் விசாரணையும்

பேச்சுவார்த்தையில் தீராதபோது, ஊதியச் சட்டத் தொகுப்பின் 45ஆம் பிரிவின்கீழ், கோரிக்கைகளை விசாரிக்க நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் முறைப்படி மனுத் தாக்கல் செய்ய வேண்டும். ஆய்வாளரிடம் கொடுத்த புகாரும் இந்த மனுவும் ஒன்றல்ல. புகாரின் பேரில் அரசு முதலாளி மீது நடவடிக்கை எடுக்கும். மனுவின் பேரில்தான் உங்களுக்குப் பணம் தரும்படி உத்தரவு பிறக்கும். புகார் கொடுத்ததையே வழக்குப் போட்டதாக எண்ணிக் காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிடுவது இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் வருந்தத்தக்க இழப்பு.

மனுவைத் தொழிலாளியே தாக்கல் செய்யலாம், பதிவு பெற்ற தொழிற்சங்கம் தாக்கல் செய்யலாம், ஆய்வாளரும் தாக்கல் செய்யலாம். ஒரே நிறுவனத்தில் பலருக்குப் பாக்கி இருந்தால் எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்க முடியும். முடிந்தவரை அப்படியே செய்யுங்கள். தனியாக நிற்பவரை மிரட்டிப் பின்வாங்க வைப்பது எளிது. பன்னிரண்டு பேர் கையெழுத்திட்ட மனுவில் ஒருவர் மற்றவருக்குச் சாட்சியாகவும் இருப்பார்.

காலக்கெடு, பணம் வர வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுகள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை அதிகாரி மன்னிக்கலாம். பழைய சட்டங்களில் இது சம்பளத்துக்கு 12 மாதமாகவும் குறைந்தபட்ச ஊதியத்துக்கு 6 மாதமாகவும் இருந்தது. ஆகவே 2025 நவம்பர் 21க்கு முந்தைய பாக்கியைக் கேட்பவர்களுக்கு, எந்தக் கெடு பொருந்தும் என்று எதிர்த்தரப்பு வாதம் கிளப்ப வாய்ப்பிருக்கிறது. அந்த வாதத்துக்கே இடம் கொடாமல், இன்றே கொடுக்கக்கூடிய மனுவை நாளைக்குத் தள்ளாதீர்கள்.

மனுவை மூன்று மாதத்துக்குள் முடிக்க அதிகாரி முயல வேண்டும் என்பது சட்டம். வர வேண்டிய தொகையோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் சேர்த்து உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. பத்து மடங்கு என்பது உச்ச வரம்பு. கிடைத்தே தீரும் தொகை என்று எண்ண வேண்டாம். ஆனால் மனுவில் அதைக் கேட்டிருக்க வேண்டும். விசாரணை நாளில் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் முதலாளி கொண்டுவர உத்தரவிடும்படி முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பதிவேடு வைப்பதும் சம்பளச் சீட்டு தருவதும் அவருடைய சட்டக் கடமை. பதிவேடே இல்லாதபோது உங்கள் நாற்பது பக்க நோட்டுக்கு எதிராக வைக்க அவரிடம் எதுவும் இருக்காது. விசாரணை எந்த ஊரில் நடக்கும் என்பதை ராமநாதபுரம் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மதுரை வரை போக வேண்டியிருந்தால் ஒரு வாய்தாவையும் தவறவிடாதீர்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற கட்டணமில்லாத எண்ணிலும் கேட்கலாம்.

பங்குக்குக் கடலுக்குப் போகிறவர்கள்

விசைப்படகில் பங்குக்குப் போகும் மீனவரின் நிலை சிக்கலானது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து மீதியைப் பங்கு பிரிக்கும் முறையில், லாபத்தோடு நட்டத்திலும் பங்கு இருந்தால், அவரைச் சம்பளத் தொழிலாளி என்று ஏற்கச் சட்டம் தயங்கும். அதற்காகப் பங்கு என்ற பெயர் இருந்தாலே கதவு அடைபட்டுவிட்டதாகவும் கருத வேண்டாம். படகும் வலையும் சம்மாட்டியுடையது (படகு உரிமையாளருடையது), எப்போது போவது, எங்கே விற்பது என்பதை அவரே முடிவு செய்கிறார், மீன் படாத நாளிலும் நிலையான பேட்டா தருகிறார், கரையில் வலை பொத்தவும் படகு கழுவவும் அழைக்கிறார் என்றால், அது வேலை உறவு என்று வாதிட இடமிருக்கிறது. எப்படியானாலும் ஒவ்வொரு தங்கலுக்குமான (கடலில் தங்கி மீன்பிடித்துத் திரும்பும் ஒவ்வொரு நடைக்குமான) விற்பனைச் சீட்டு, டீசல் கணக்கு, பிரித்த தொகை ஆகியவற்றைக் குறித்துவைத்திருப்பவருக்குத்தான் பேச்சுவார்த்தையிலும் மதிப்பு. தொழிலாளர் துறையில் ஏற்காவிட்டால், பங்குப் பணத்துக்கு 3 ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அல்லது சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். ஊருக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாழ வேண்டிய இடத்தில் மக்கள் நீதிமன்றமே மேல் என்று நினைக்கிறேன்.

கேட்டதற்காக வேலையைவிட்டு நிறுத்தினால்

அது தனி வழக்கு. அதன் காலக்கெடுவும் தனி. கடை அல்லது நிறுவனத்தில் 6 மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நிறுத்த முடியாது என்கிறது 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் கெடு என்பதால் சம்பள மனுவின் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஐந்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து இருந்தவர்கள் பணிக்கொடையையும் கேட்க மறக்க வேண்டாம்.

வளைகுடா நாடுகளில் சம்பளம் நின்றவர்களுக்கு அந்தந்த நாட்டின் தொழிலாளர் நீதிமன்றமே உரிய இடம். ஊர் திரும்புவதற்குமுன் அங்கே வழக்கைப் பதிவு செய்து, நம்பிக்கையான ஒருவருக்கோ இந்தியத் தூதரகத்துக்கோ அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். வெறுங்கையோடு விமானம் ஏறியபின் வழக்கு நடத்துவது மிகக் கடினம். கீழக்கரையிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் குடும்பத்தார் வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகாரைப் பதியலாம். அனுப்பிவைத்த ஏஜென்ட் ஏமாற்றியிருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் முறையிடலாம்.

உத்தரவு கிடைத்த பிறகு

உத்தரவுக்கு எதிராக மேல்முறையீடு செய்ய 90 நாள் அவகாசம் உண்டு. தொகை குறைவாக வந்திருந்தால் அந்த உரிமை உங்களுக்கும் உண்டு. அதன் பிறகும் முதலாளி பணம் தராவிட்டால், வசூல் சான்றிதழ் கேட்டு அதே அதிகாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் அதை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பினால், நில வரிப் பாக்கியை வசூலிப்பது போல வருவாய்த்துறை வசூலிக்கும். இந்தக் கட்டத்தில் கோப்பு தாலுகா அலுவலகத்தில் தேங்கி நிற்பதற்குக் காரணம், எதை ஜப்தி செய்வது என்று தெரியாமல் இருப்பதுதான். எனவே முதலாளியின் சொத்து விவரத்தை நீங்களே ஒரு தாளில் எழுதிச் சான்றிதழோடு இணைத்துக் கொடுங்கள்: விடுதிக் கட்டடத்தின் சொத்து வரி எண், வாகன எண், படகின் பதிவெண், உங்களுக்குச் சம்பளம் அனுப்பிய வங்கிக் கணக்கு. பிறகு மாதம் ஒருமுறை வட்டாட்சியர் அலுவலகம் சென்று, கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்திலேயே கேட்டு, கேட்ட கடிதத்துக்கும் முத்திரை வாங்கி வாருங்கள்.